பெரிய ஸ்கேல்

வீடு கட்டுவது என்று முடிவானபோதே கொளஞ்சி ஒன்றைச் சொல்லிவிட்டாள். பலா மரத்தில் கை வைக்கக் கூடாது.

மாயவன் சரி என்றான். அப்போது அவனுக்குப் பலா தேவைப்படவில்லை.

கருவேப்பிலங்குறிச்சி போகும் சாலையில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி, அவனுக்கு அரை ஏக்கர் நிலம் இருந்தது. கிணறு வற்றிய பிறகு அதில் பயிர் வைப்பதில்லை. மரங்கள் மட்டும் நின்றன. மேற்கு வரப்பில் பனைகள், வேலியில் பூவரசு, கிணற்றடியில் ஒரு வேம்பு. நிலத்தின் நடுவில் பலா. கொளஞ்சிக்குக் கல்யாணமான மறுவருஷம் அவள் தம்பி பண்ருட்டியிலிருந்து கன்றாகக் கொண்டுவந்து வைத்தது. அதன் பழத்தை அவள்தான் இறக்குவாள், அவள்தான் அறுப்பாள், யாருக்குக் கொடுப்பது என்று அவள்தான் சொல்வாள். பஸ் நிற்கும் இடத்தில் சாக்கை விரித்துச் சுளை விற்றதும் உண்டு. தழை அவளுடைய ஆடுகளுக்கு. பட்டா மாயவன் பெயரில் இருந்தது. பலா மட்டும் கொளஞ்சியுடையது. அப்படி யாரும் சொல்லி வைத்ததில்லை. எல்லோருக்கும் தெரியும்.

இருவருக்கும் விருத்தாசலத்தில் ஒரே செராமிக் கம்பெனியில் வேலை. ஃபியூஸ் கட்டையும் பிள்ளையார் பொம்மையும் செய்கிற சிறிய கம்பெனி. கொளஞ்சி பிசிறு தேய்ப்பவள். அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஓரத்தில் நிற்கும் கோட்டைக் கத்தியால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து, பலகையில் அடுக்குவாள். கைதவறி உடைந்தால் பக்கத்துத் தொட்டியில் போடுவாள். சுடாத மண் கரைந்து மறுபடி கூழாகிவிடும். அதற்கு யாரும் திட்டுவதில்லை. சூளையில் சுட்டபிறகு உடைத்தால்தான் திட்டு.

மாயவன் அச்சுக்காரன். அவனிடம் இரண்டு ஸ்கேல்கள் இருந்தன. ஒன்று கடையில் வாங்கியது. மற்றொன்று தேக்குத் துண்டில் அவனே கோடு கீறிச் செய்தது. அதைக் கம்பெனியில் பெரிய ஸ்கேல் என்பார்கள். அதன் பன்னிரண்டு அங்குலம் கடை ஸ்கேலில் பதின்மூன்றைத் தாண்டும். மண் காயும்போது சுருங்கும், சூளையில் இன்னும் சுருங்கும். மாதிரியைப் பெரிய ஸ்கேலில் அளந்து செய்தால், சூளையிலிருந்து வெளியே வரும் உருப்படி கடை ஸ்கேலுக்குச் சரியாக இருக்கும். பல வருஷங்களாக அவன் கையில் எல்லாம் அப்படித்தான் அளவுக்கு வந்தன.

குடியிருந்தது ஊருக்குள் ஒரு லைன் வீட்டில். வீட்டுக்காரர் தன் மகன் கல்யாணத்துக்காக ஆவணிக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார். அது இரண்டாயிரத்து ஆறாம் வருஷம்.

“வெளியில இருந்து ஒரு குச்சி வாங்க மாட்டேன். எல்லா மரமும் நம்ம நெலத்து மரம்” என்று மாயவன் டீக்கடையில் சொன்னான். கம்பெனியில் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கு அது பிடித்துப்போனது.

*

அந்தப் பக்கத்தில் காய்க்காத மரத்தை மிரட்டும் வழக்கம் உண்டு. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலையில் ஒருவர் கோடாலியோடு மரத்தடிக்குப் போய் வெட்டப்போவதாகச் சொல்ல வேண்டும். இன்னொருவர் குறுக்கே நின்று மரத்துக்காகக் கெஞ்ச வேண்டும். கோடாலிக்காரர் தவணை கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். பலா இரண்டு வருஷமாகக் காய்க்கவில்லை. அந்தத் தையில் மாயவனும் கொளஞ்சியும் போனார்கள்.

கொத்தனார் நல்லமுத்து வரப்பில் உட்கார்ந்து பல் குச்சியை மென்றுகொண்டிருந்தான். மாயவனுக்கு மைத்துனன் முறை. வீட்டை அவன்தான் கட்டப் போகிறான் என்பதால் இடம் பார்க்க வந்திருந்தான்.

“ரெண்டு வருஷமா ஒரு பிஞ்சு இல்ல. எதுக்கு நிக்கிற? வெட்டிப் போடப் போறேன்” என்றான் மாயவன் மரத்திடம்.

“கொஞ்சம் கோவமா சொல்லு மச்சான்” என்றான் நல்லமுத்து. “வாடகைக்கு வூடு கேக்கற மாதிரி கேக்கற.”

மாயவன் கோடாலியின் பின்பக்கத்தால் அடிமரத்தில் தட்டினான். “இன்னிக்கு வெட்டாம போவ மாட்டேன்.”

கொளஞ்சி குறுக்கே வந்தாள். “வேணாங்க. ஒரு வருஷம் பொறுங்க. அடுத்த தைக்குள்ள காய்க்கும்.”

“காய்க்கலன்னா?”

வழக்கத்தில் அந்தக் கேள்வி கிடையாது. 

“நான் ஜாமீன்” என்றாள்.

“சரி. அடுத்த தை வரைக்கும்.”

“அவ்ளோதான். கோர்ட்டு கலைஞ்சுது” என்று நல்லமுத்து எழுந்து வேட்டியைத் தட்டினான்.

*

மாசியில் மரம் வெட்டினார்கள். முதிர்ந்த பனைகளைச் சாய்த்து, பிளந்து, கூரைக்குக் கைமரம் எடுத்தார்கள். ஓலை சிமெண்ட் மூட்டைக்குக் கொட்டகை ஆனது. ஜன்னல் சட்டத்துக்குப் பூவரசு. நிலைக்கும் கதவுக்கும் வேம்பு.

வேம்பு அடியிலிருந்து கவட்டை வரை கோணல் இல்லாமல் இருந்தது. ஒரு நிலைக்கும் ஒரு கதவுக்கும் போதும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நிலை, கதவு வேலைக்குப் பேசியிருந்த மாணிக்கவேல் ஆசாரி அப்போது வேப்பூரில் இருந்தார். பெரிய ரோட்டோரத்தில் ஒரு ஹோட்டலுக்கு மேசை, பெஞ்சு வேலை. தான் வந்து அளவு சொல்லும்வரை மரத்தை அறுக்க வேண்டாம் என்று போனில் சொன்னார். மாயவன் காத்திருக்கவில்லை. டிராக்டரில் ஏற்றி மர அறுவை மில்லுக்குக் கொண்டுபோனான். பெரிய ஸ்கேலையும் எடுத்துப் போனான்.

மில்லில் அறுப்பவன் அளவைக் கேட்டுவிட்டு மரத்தைப் பார்த்தான்.

“ஏழடிக்கு மேல போவுதுங்களே. ரெண்டாந்துண்டு கவட்டையில மாட்டிக்கும்.”

“பச்சை மரம். காஞ்சா அளவுக்கு வந்துடும்.”

“மரம் அப்பிடிச் சுருங்குமா?”

“சுருங்காத பொருள் எது இருக்குது?”

அறுப்பவன் ஸ்கேலை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். “இது எந்த ஊரு அடிங்க?” என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

முதல் துண்டில் நிலைக்கால் இரண்டும் மேல்சட்டமும் கீழ்ச்சட்டமும் வந்தன. கனமான சட்டங்கள். இரண்டாம் துண்டு கவட்டையில் முடிந்தது. கதவு உயரத்துக்கு அரைச் சாண் கம்மி. கதவுப் பலகையைப் பெரிய கிளையில் எடுத்துக்கொள்ளலாம் என்று மாயவன் நினைத்தான். அந்தத் துண்டை ஜன்னல் கதவுகளுக்கு அறுக்கச் சொன்னான். அடுத்ததாகக் கிளையை ஏற்றினார்கள். கிளை உள்ளே பொந்தாக இருந்தது. வாள் பட்டதும் கறையான் மண் கொட்டியது.

அன்று வீட்டுக்கு வந்து அவன் அதைச் சொல்லவில்லை. மரம் அறுத்தாச்சா என்று கொளஞ்சி கேட்டாள். அறுத்தாச்சு என்றான்.

நிலையை அவனே பூட்டினான். அச்சு செதுக்கும் கைக்கு உளி புதிதில்லை. கால்களின் முனையில் துளை போட்டு மேல்சட்டத்தை இறக்கினான். நடுவில் ஒரு தாமரை செதுக்கினான். நன்றாக வந்திருந்தது. பிறகு சூளைக்குப் பக்கத்தில், பச்சைப் பொம்மைகளைக் காயவைக்கும் இடத்தில், முதலாளியிடம் கேட்டுக்கொண்டு நிலையைச் சாய்த்து வைத்தான். ஒரே சூட்டில் பிள்ளையார்களும் நிலையும் காய்ந்தன.

“எப்பண்ணே சூளையில ஏத்தறது?” என்று அந்தப் பக்கம் போகிறவர்கள் கேட்டார்கள். “கிளேஸ் பூச்சு என்னா கலரு?”

சித்திரையில் ஒருநாள் நிலைக்காலின் அகலத்தை அளந்தான். நூலளவு குறைந்திருந்தது. ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். உயரத்தை அளக்கவில்லை.

அதற்குள் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது.

“நிலைய வச்சுட்டுத்தான் மச்சான் சுவரு” என்றான் நல்லமுத்து. “ஒலகமே அப்பிடித்தான் கட்டுது.”

“அளவுதான் தெரியுமே. வாசலை விட்டுட்டுக் கட்டு. நிலை வந்து ஒக்காரும்.”

“ஒக்காரலன்னா?”

“ஒக்காரும்.”

நல்லமுத்து கடை ஸ்கேல் அளவில் வாசலை விட்டுக் கட்டினான்.

*

வைகாசியில் நிலை வைக்க நாள் பார்த்தார்கள். காலையில் சொந்தக்காரர்கள் வந்தார்கள். கொளஞ்சி பால், மஞ்சள், நவதானியம் எல்லாம் தட்டில் வைத்திருந்தாள். மாணிக்கவேல் ஆசாரி வேப்பூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். நிலையை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தாமரையைத் தடவிப் பார்த்து நல்லா இருக்குது என்றார்.

நான்கு பேர் தூக்கிக்கொண்டு போய் வாசலில் நிறுத்தினார்கள். மேல்சட்டம் சுவரில் இடித்தது. பக்கவாட்டிலும் உள்ளே போகவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள். கீழே மண்ணை வெட்டிப் பார்த்தார்கள். வெளியே கொண்டுவந்து தரையில் கிடத்தினார்கள்.

“யானை ஏதும் வாங்கப் போறியா மச்சான்?” என்று நல்லமுத்து கேட்டான்.

எல்லோரும் சிரித்தார்கள்.

“இன்னும் காயல போலருக்குது” என்றான் மாயவன்.

ஆசாரி குந்தி உட்கார்ந்து விரல் முட்டியால் சட்டத்தைத் தட்டினார். காதைக் கிட்டே வைத்து மறுபடி தட்டினார்.

“எலும்பு மாதிரி காஞ்சிருக்குதுங்களே. முனையில வெடிப்பே வுட்டிருக்குது.”

“இன்னும் ரெண்டு மாசம் வச்சா?”

“ரெண்டு வருஷம் வச்சாலும் இதே ஒசரந்தான். மரம் குறுக்கால கொஞ்சம் சுருங்கும். நெட்டுக்குச் சுருங்காது மாயவண்ணே. யாரு அளவு சொன்னது?”

 நல்லமுத்து கொட்டகைக்குள் போய்ப் பெரிய ஸ்கேலை எடுத்துவந்து ஆசாரியிடம் கொடுத்தான். ஆசாரி அதைத் தன் மடக்கு ஸ்கேலின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு முறை பார்த்தார்.

“இதுல அளந்து புடவை எடுத்தா பொம்பளைங்க சந்தோசப்படுவாங்க” என்றார்.

நல்ல நேரம் முடிந்துவிட்டது. கொளஞ்சி பூஜைக்கு வைத்திருந்த பாலில் டீ போட்டு வந்தவர்களுக்குக் கொடுத்தாள்.

“ஒண்ணும் கெட்டுப்போவல” என்றார் ஆசாரி, டீயைக் குடித்துக்கொண்டே. “வாசலை இடிச்சுப் பெருசு பண்ணிக்கலாம். நிலை நல்ல நிலை. கதவுக்குப் பலகை எங்க வச்சிருக்கீங்க?”

மாயவன் அப்போதுதான் சொன்னான். பலகை இல்லை. வேம்பு முடிந்துவிட்டது.

“ஜன்னலுக்கு அறுத்ததுல?”

“அரைச் சாண் கம்மி.”

“ஒட்டுப் போட்டா நிக்காது. ஒரு கதவுல ரெண்டு மரம் சேக்கறதும் இல்ல. வேற மரத்துல முழுசா பண்ணிட வேண்டியதுதான்.” ஆசாரி நிலத்தைச் சுற்றிப் பார்த்தார். பனைகள், வேலி, கிணறு. பார்வை நடுவில் வந்து நின்றது. “இருக்குதே. பலா வெண்ணெ மாதிரி எழைக்கும். மஞ்சள் பூசவே வேணாம்.”

 கொளஞ்சி தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

*

எல்லோரும் போன பிறகு மாயவன் கடை ஸ்கேலை எடுத்துக்கொண்டு பலா மரத்தடிக்குப் போனான். அடிமரத்தில் கயிற்றைச் சுற்றி அளந்தான். திரும்பியபோது கொளஞ்சி நின்றாள்.

“என்னா பண்றீங்க?”

“பாக்கறேன்.”

“தை வரைக்கும் தவணை குடுத்திருக்கீங்க.”

“அது சும்மா மரத்த மெரட்டறதுக்குச் சொன்னது.”

“சும்மான்னு மரத்துக்குத் தெரியுமா?”

“காய்க்காத மரம் கொளஞ்சி. கதவா நின்னாலாவது நூறு வருஷம் நிக்கும்.”

“கதவு தழை குடுக்குமா?” என்றாள். “நான் ஜாமீன் நின்னிருக்கேன். நீங்க வைகாசியிலயே கழுத்துல கயிறு போட்டு அளக்கறீங்க.”

“ஆவணியில அங்க காலி பண்ணணும். கதவில்லாத வூட்டுல எப்பிடி இருக்கறது?”

“படல் கட்டிக்கலாம்.”

“கவர்மெண்டுல கலர் டிவி குடுக்கப் போறாங்களாம். படல் கட்டின வூட்டுல டிவிய வச்சுட்டு ரெண்டு பேரும் வேலைக்குப் போவலாமா?”

“அப்ப கடையில ஒரு கதவு வாங்குங்க.”

“ஒரு குச்சி வாங்க மாட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன்.”

“ஊருகிட்ட சொன்னா அது பேச்சு. மரத்துகிட்ட சொன்னா மட்டும் சும்மாவா?”

மாயவன் கயிற்றைச் சுருட்டிப் பையில் வைத்தான். அவளைத் தாண்டிப் போனான்.

இரண்டு நாள் கழித்து நல்லமுத்து வழியில் அவளைப் பார்த்தபோது சைக்கிளை நிறுத்தினான். “தங்கச்சி, உங்கிட்ட சொன்னாரான்னு தெரியல. அடுத்த வாரம் பலாவ சாய்க்க ஆசாரிய வரச் சொல்லிட்டாரு மச்சான்.”

“சொல்லல” என்றாள்.

“சண்டை போடப் போறியா?”

“போட்டா நிக்குமாண்ணே?”

நல்லமுத்து சைக்கிளை மிதித்துப் போனான்.

வீட்டில் அவள் சண்டை போடவில்லை. சமைத்தாள். சோறு போட்டாள். தம்பிக்குப் போன் செய்து சொல்லலாமா என்று ஒருமுறை நினைத்தாள். அவன் வந்தால் வாய்த்தகராறு ஆகும். மரம் எப்படியும் சாயும்.  கம்பெனியில் மாயவனை யானைக்காரரே என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

*

பிசிறு தேய்க்கும் இடத்தில் எட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கொளஞ்சியின் கத்தி ஆழமாக இறங்கி ஒரு பிள்ளையாரின் தும்பிக்கை வந்துவிட்டது. தொட்டியில் போட்டாள். தும்பிக்கையையும் பொறுக்கிப் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். எடுத்துவிட்டுத் தொட்டியைப் பார்த்தாள். பிள்ளையார் மூழ்கிக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு மணி அடித்ததும் அவள் அச்சுக் கொட்டகைக்குப் போனாள். மாயவன் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தான்.

“நிலைய வச்சாச்சா?” என்று கேட்டாள்.

“என்னா கேள்வி இது?”

“வச்சாச்சா இல்லியா?”

“நீயுந்தான இருந்த.”

“மஞ்சள் தடவினீங்களா? பால் ஊத்தினீங்களா?”

“அதுக்குள்ளதான் நேரம் போயிடுச்சே.”

“அப்ப அது இன்னும் நிலை இல்ல. சுடாத மண்ணு. ஒடச்சுத் தொட்டியில போடலாம்.”

மாயவன் கையில் எடுத்த சோற்றை வாயில் வைக்கவில்லை.

“நிலைய அறுத்துக் கதவு பண்ணச் சொல்றியா?”

“கனமாத்தான இருக்குது. நாலு பேரு தூக்கினாங்க.”

“நிலைக்கு என்னா பண்றது?”

“வேப்பூர் ரோட்டுல சிமெண்ட்டு நிலை விக்கறாங்க. நல்லமுத்து அண்ணன் வுட்ட வாசலுக்கு அளவா இருக்கும்.”

“வாங்கறதா?”

“வாங்கறது.”

“ஊரு சிரிக்கும்.”

“ஊரு சிரிச்சு, டீயும் குடிச்சுட்டுப் போயிடுச்சு.”

அவன் சாப்பிட ஆரம்பித்தான். அவள் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள். மாலையில் வேலை முடிந்து அவள் கை கழுவப் போனபோது, அவன் காயவைக்கும் இடத்தில், மறுபடி கொண்டுவந்து சாய்த்திருந்த நிலையின் பக்கத்தில் உட்கார்ந்து கடை ஸ்கேலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நிலைக்காலின் மேல் சாக்பீஸில் கோடு போட்டிருந்தான்.

*

ஆசாரி வந்த அன்று கோடாலியும் கயிறும் கொண்டுவந்திருந்தார். நேராகப் பலா மரத்தடிக்குப் போனார். கொளஞ்சி கிணற்றடியில் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். நிலையை அறுப்பதா, பலாவைச் சாய்ப்பதா என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

“ஆசாரியாரே, இங்க வாங்க” என்று மாயவன் கூப்பிட்டான். நிலையைக் கம்பெனியிலிருந்து முந்தின நாளே கொண்டுவந்து சுவரோரம் போட்டிருந்தான். “இத அறுத்தா கதவுக்குப் பத்துமா?”

ஆசாரி அவனைப் பார்த்தார். நிலையைப் பார்த்தார். மடக்கு ஸ்கேலை விரித்து அளந்தார்.

“ஒரு காலுக்கு மூணு பலகை. ஆறு பலகை. தொளை போட்ட முனைய அறுத்துத் தள்ளிட்டா ஒசரமும் சரி.” மறுபடி அளந்தார். “சாதா அளவுல அறுத்திருந்தா பத்தியிருக்காதுங்க.”

“அப்ப பெரிய ஸ்கேல் நல்லதுக்குத்தான்.”

“அத வெளிய சொல்லாதீங்க” என்றார் ஆசாரி.

கொளஞ்சி குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள்.

சிமெண்ட் நிலை மினி லாரியில் வந்தது. இறக்கி நிறுத்தியபோது நல்லமுத்து விட்ட வாசலில் விரல் நுழைய இடமில்லாமல் உட்கார்ந்தது. அவன் ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“ஒரு குச்சி வாங்க மாட்டேன்னியே மச்சான்.”

“இது குச்சி இல்ல. சிமெண்ட்டு.”

சிமெண்ட்டுக்கு மஞ்சள் தடவினார்கள். மஞ்சள் ஒட்டாமல் வழிந்தது. மறுபடி குழைத்துத் தடவினார்கள். பால் ஊற்றி, நவதானியம் போட்டு, கற்பூரம் காட்டினார்கள். நிலத்து மரத்தில் கட்டிய வீட்டில் பூஜை நடந்தது வாங்கிவந்த சிமெண்ட்டுக்குத்தான்.

கதவு ஆடி முடிவதற்குள் தயாரானது. ஒடுக்கமான ஆறு பலகைகள். குறுக்குச் சட்டத்துக்கு மரம் தேடியபோது மேல்சட்டம் மிச்சமிருந்தது. ஆசாரி அதை அப்படியே உள்பக்கம் அடித்தார். தாமரை உள்ளே போய்விட்டது. கதவைச் சாத்தினால்தான் தெரியும், அதுவும் உள்ளே இருப்பவர்களுக்கு.

நிலையில் வெட்டித் தள்ளிய முனைகளில் ஒன்றை மாயவன் அரிவாள்மணைக்குக் கட்டையாக்கினான். மற்றது மாவிடிக்கும் உலக்கைக்கு அடியில் கிடந்தது. ஆவணியில் குடிபோனார்கள். பெரிய ஸ்கேலை அவன் கம்பெனிக்கே கொண்டுபோய் ஆணியில் மாட்டிவிட்டான்.

*

கார்த்திகை கடைசியிலிருந்து மாயவன் காலையில் பல் தேய்த்துக்கொண்டே பலா மரத்தைச் சுற்றி வருவான். அடிமரம், பெரிய கிளைகள், வேர் மண்ணுக்கு மேலே தெரியும் இடம். கொளஞ்சி அடுப்படியிலிருந்து பார்ப்பாள். என்ன ஆச்சு என்று கேட்க மாட்டாள். அவனும் சொல்ல மாட்டான்.

தை பிறந்தது. பிஞ்சு இல்லை.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலையில் அவன் எழுந்து வந்தபோது கொளஞ்சி மரத்தடியில் நின்றிருந்தாள். கோடாலி அவள் கையில் இருந்தது. முந்தின நாள் மாலை அவள் கல்லில் எதையோ தீட்டிக்கொண்டிருந்தது அவனுக்கு நினைவு வந்தது. அரிவாள் என்று நினைத்திருந்தான்.

“நீ எதுக்கு எடுத்த? நான்தான வெட்டறவன்.”

“நீங்க குடுத்த தவணை முடிஞ்சுது. என் ஜாமீன் போச்சு. இனி நான் கெஞ்சினா மரியாதை இல்ல.”

நல்லமுத்து அவர்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்திருந்தான். தூக்குவாளியோடு வரப்பிலேயே நின்றான்.

கொளஞ்சி மரத்தைப் பார்த்துப் பேசவில்லை. கோடாலியை ஓங்கி, கூரான பக்கத்தால் ஒரு போடு போட்டாள். பட்டை தெறித்தது. வெள்ளையாகப் பால் வந்து கோடாக இறங்கியது. மறுபடி ஓங்கினாள்.

“ஏய்” என்றான் மாயவன்.

அவள் நிறுத்தவில்லை. அவன் போய்க் குறுக்கே நின்றான். கோடாலி அவன் தோளுக்கு மேலே நின்றது.

“வேணாம்” என்றான்.

“கொஞ்சம் கெஞ்சற மாதிரி சொல்லு மச்சான்” என்றான் நல்லமுத்து.

“வேணாம் கொளஞ்சி. இன்னும் ஒரு வருஷம் பாரு.”

“காய்க்கலன்னா?”

மாயவன் பின்னால் கையை விட்டு மரத்தைப் பிடித்துக்கொண்டான். பால் கையில் பிசுபிசுத்தது.

“நான் ஜாமீன்” என்றான்.

அவள் கோடாலியை இறக்கி அவனிடம் கொடுத்தாள். எட்டிய கிளையை வளைத்து, ஆடுகளுக்குத் தழை ஒடித்துக்கொண்டு போனாள்.